மோட்டார் சைக்கிளுக்கு விசிறி வேண்டுமா?

செவ்வாய், சனிக்கிழமைகளில் மாலை வேளையில் காளிகாட் கோயிலை ஒட்டிய தெருக்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சென்றிருக்கிறீர்களா? ஓட்டிச் சென்றீர்களா என்பதைவிட, அதன்மேல் உட்கார்ந்தபடி நின்றிருக்கிறீர்களா என்று கேட்பதே பொருந்தும். செம்பருத்தி மாலை விற்போர் ஒருபுறம், பேடா வாங்குவோர் மறுபுறம், வழிபட வந்த கூட்டம் நடுவில். நான்கடி நகர்ந்தால் நாற்பது நொடி நிற்கவேண்டும். அப்போது முழங்காலுக்குக் கீழே அடுப்பங்கரைக் கதவைத் திறந்தாற்போல் ஓர் அனல் வந்து மோதுமே, அதைப் பற்றியே இக்கட்டுரை.

இதை எழுத ஒரு கடன் காரணமாயிற்று. நம் சங்கத்து இளைய மாணவர் ஒருவர் மாலை வேளைகளில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்க்கும் வேலை செய்து, அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் தாமே ஈட்டிக்கொள்கிறார். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். ஆதலின் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அவருடையது மூன்றாங்கையாக வாங்கிய 150 சி.சி. மோட்டார் சைக்கிள். சென்ற சித்திரையில் ஒருநாள் என் அறைக்கு வந்து, "அண்ணா, வண்டி ரொம்பக் கொதிக்குது. என்ஜினுக்கு ஒரு ஃபேன் மாட்டினா சரியாப் போகும்னு சொல்றாங்க. மாட்டலாமா?" என்று கேட்டார்.

இயற்பியல் முதுகலை மாணவனாயிற்றே நான்! தாளை எடுத்தேன், கணக்குப் போட்டேன், "மாட்டு தம்பி, நல்லதுதான்" என்றேன். அவரும் மாட்டினார். மூன்று வாரம் சென்றபின் ஹாஜ்ரா சந்திப்பருகே அவர் வண்டி திடுமென நின்றுவிட்டது. பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. இரண்டு வார ஊதியம் போயிற்று. பழுதுபார்த்த செலவு வேறு. என் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் பிழை இல்லை. கணக்குப் போடுமுன் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டதே பிழை. அந்தக் கேள்வி யாதென்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் கணக்கைக் காண்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் பிறக்கும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது மணிக்கு 0.8 லிட்டர் எரிக்கிறது. அதாவது, நொடிதோறும் ஏறத்தாழ 7000 ஜூல். 7000 வாட் என்றாலும் ஒன்றே. நம் அறையில் தலைக்குமேல் சுழலும் மின்விசிறி 70 வாட் மின்சாரம் கொள்வது என்றால், அதைப் போன்ற நூறு விசிறிகளுக்கு வேண்டிய ஆற்றல் இது!

இதில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. எஞ்சிய முப்பது விழுக்காடு, அதாவது 2000 வாட்டுக்குச் சற்று மேற்பட்டது, சிலிண்டரின் சுவரில் ஏறி அங்கிருந்து வெளியேற வழி தேடுகிறது. வழி கிடைக்காவிட்டால் என்னாகும்? உலோகம் சூடேறும், சூடேறினால் விரியும். அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டனும், அது உராயும் இரும்பு உறையும் ஒரே அளவில் விரிவதில்லை. 57 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டன் நூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர் பருக்கும். அதே சூட்டுக்கு இரும்பு உறையோ 0.06 மில்லிமீட்டரே அகலும். இரண்டுக்கும் இடையில் விடப்பட்டுள்ள இடைவெளியே ஒரு மயிரிழை அளவுதான். அதற்குள் எண்ணெய்ப் படலமும் சூட்டால் நீர்த்துவிட்டால், உலோகம் உலோகத்தைக் கவ்வும். மெக்கானிக்குகள் "என்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்று சொல்வது இதனையே.

செதில்களின் வேலை

மோட்டார் சைக்கிள் என்ஜினைச் சுற்றிலும் அடுக்கடுக்காகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்குகள் அவற்றை 'ஃபின்' என்பர். நாம் செதில்கள் எனலாம். காற்றைத் தொடும் பரப்பைப் பெருக்குவதே அவற்றின் வேலை. ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் காயாது, விரித்துப் போட்டால் காய்ந்துவிடும் அன்றோ? அதைப் போன்றதே இதுவும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புக்களை இங்கே பூட்டினர். பின்னர் உறுப்புக்களையும் இங்கேயே வார்த்தனர். அந்தப் பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிற்கால என்ஜின்களில் அவ்விடத்தை அலுமினியக் கலவை பெற்றது. வார்ப்பிரும்பைவிட அது ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டரின் உட்புறச் சூடு செதிலின் நுனிவரை விரைந்து செல்லும். நுனி வேலை செய்தால்தான் செதில் முழுதும் பயன்படும்.

வெயிலா, நிற்பதா?

வண்டி கொதிப்பதற்கு நம்மவர் பலரும் கொல்கத்தாவின் வெயிலையும் புழுக்கத்தையுமே பழிக்கின்றனர். இது ஓரளவே சரி. செதிலின் சூடு 170 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாதத்துக் காற்று 35 டிகிரி என்றால், வேறுபாடு 135. தை மாதத்துக் காற்று 15 டிகிரி என்றால், வேறுபாடு 155. வெளியேறும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகக் கடுங்கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேற்றுமை ஏழில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

புழுக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் நம் வியர்வை ஆவியாவதில்லை. அதனால் நாம் தவிக்கிறோம். என்ஜினுக்கு வியர்ப்பதில்லை. ஆதலின் புழுக்கம் அதைப் பொறுத்தவரை பொருட்டே அன்று. நாம் தவிக்கும்போது வண்டியும் தவிப்பதாக எண்ணிக்கொள்வது நம் இரக்கமே ஒழிய இயற்பியல் ஆகாது.

காற்றின் வேகமோ அப்படியன்று. அசையாத காற்று ஒரு சதுரமீட்டர் பரப்பிலிருந்து ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 10 வாட் கொண்டுசெல்லும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ப்படும் காற்று 50 வாட் அளவுக்குக் கொண்டுசெல்லும். செதில்களின் பரப்பு 0.3 சதுரமீட்டர் என்று கொண்டால், வண்டி ஓடும்போது ஏறத்தாழ 2000 வாட் வெளியேறும். நிற்கும்போது 400 வாட்டே வெளியேறும். ஓடும்போது சுவரில் ஏறும் வெப்பமும் ஏறத்தாழ 2000 வாட்தான் என்று முன்னே கண்டோம். வரவும் செலவும் ஒத்துப்போகின்றன.

நின்றபடி என்ஜின் ஓடினால்? மணிக்குக் கால் லிட்டர் எரிவதாகக் கொண்டாலும், சுவரில் ஏறுவது ஏறத்தாழ 650 வாட். வெளியேறுவதோ 400. நொடிக்கு நொடி 250 ஜூல் உள்ளேயே தேங்குகிறது. சூடு மேலும் ஏறினால்தான் வரவும் செலவும் சமமாகும். பாதிக் கிளட்சில், முதல் கியரில் ஊர்ந்து செல்லும்போது எரிபொருள் இன்னும் மிகுதியாக எரியும். நிலைமை இன்னும் மோசமாகும்.

இவை யாவும் தோராயக் கணக்கே. வண்டிக்கு வண்டி எண்கள் மாறும். எனினும் இவை காட்டும் உண்மை மாறாது: என்ஜினுக்கு முதற்பகை வெயில் அன்று, ஓடிக்கொண்டே நிற்பதுதான்.

ஸ்கூட்டருக்குள் ஒரு விசிறி

விசிறி வைப்பது புதிய எண்ணமா? இல்லை. 1946-இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ வானூர்திப் பொறியாளர். ஓட்டுபவரின் உடையில் எண்ணெய்க்கறை படக்கூடாது என்று கருதி அவர் என்ஜினைத் தகட்டு உறைக்குள் மூடிவைத்தார். மூடிவைத்த என்ஜினுக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஆகவே சுழலும் சக்கரத்திலேயே விசிறி இறகுகளைப் பொருத்தி, அந்தக் காற்றை உறை வழியே செதில்களின் இடுக்குக்குள் செலுத்தினர். நம் நாட்டில் 1972 முதல் பல்லாண்டுகள் ஓடிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரிலும் இம்முறையே இருந்தது. இன்று லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வரும் நம் மாமிகள் ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் இது உண்டு. வண்டி நின்றாலும் என்ஜின் சுழலும்வரை விசிறியும் சுழலும்.

இங்கே கவனிக்கத்தக்கது அந்த உறை. விசிறி வீசும் காற்று வேறெங்கும் சிதறாமல், ஒவ்வொரு செதிலையும் தொட்ட பின்னரே வெளியேறுமாறு அது வழி அமைத்திருக்கிறது.

நீர்க்குளிர்வுள்ள வண்டிகளிலும் விசிறி உண்டு. 2012-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த கே.டி.எம். டியூக் 200 போன்றவற்றில் ரேடியேட்டருக்குப் பின்னே அதைக் காணலாம். நீரின் சூடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தானே சுழலும். ஆறினால் தானே நிற்கும். அமெரிக்காவில் கனத்த ஹார்லி டேவிட்சன் வண்டிகளுக்கென்று பக்கவாட்டில் மாட்டும் விசிறிகள் விற்கப்படுகின்றன. ஊர்வலங்களில் மெல்லச் செல்வோரும் நகர நெரிசலில் அகப்படுவோருமே அவற்றை நாடுகின்றனர். எங்கு பார்த்தாலும் விசிறியின் இடம் ஒன்றே: எதிர்க்காற்று இல்லாத இடம்.

வாங்கி மாட்டும் விசிறி என்ன செய்யும்?

தம்பி வாங்கியது கணிப்பொறிக்குள் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் விசிறி. குறுக்களவு 120 மில்லிமீட்டர். அவ்வகையில் வலுவான ஒன்று மணிக்கு ஏறத்தாழ 136 கனமீட்டர் காற்றைத் தள்ளும். அதன் வாயின் பரப்பால் வகுத்துப் பார்த்தால், காற்றின் வேகம் நொடிக்கு 3.3 மீட்டர், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வரும். சைக்கிளில் செல்பவர் முகத்தில் படும் காற்று அவ்வளவே இருக்கும்.

சைக்கிள் காற்றுத்தானே என்று இகழவேண்டா. செதில்களில் பாதிப் பரப்பில் அது பட்டால், நிற்கும் வண்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் 400 வாட்டிலிருந்து 700 வாட்டுக்கு உயரும். சுவரில் ஏறுவது 650 அன்றோ? ஐந்து வாட் மின்சாரத்தைச் செலவிட்டு வரவையும் செலவையும் சமமாக்கிவிடலாம்! இந்தக் கணக்கைக் கண்டுதான் நான் மகிழ்ந்துபோனேன்.

ஆயின் செதில்களின் இடுக்கு குறுகலானது. காற்றில் ஒரு பகுதி உள்ளே புகாமல் பக்கவாட்டில் சிதறும். ஸ்கூட்டரில் இருப்பது போன்ற உறை இதற்கு இல்லை. வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கியதும் 12 கிலோமீட்டர்க் காற்றால் ஆவது ஒன்றுமில்லை. என்ஜினுக்கு நேர்முன்னே விசிறியைப் பொருத்தியிருந்தால் அதன் சட்டமே எதிர்க்காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். நெரிசலில் உதவிய பொருள் நெடுஞ்சாலையில் தடையாகிவிடும்.

மிஸ்திரி கேட்ட கேள்வி

நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு காளிகாட்டிலேயே ஒரு சிறு பட்டறைக்குப் போனோம். முதிய மிஸ்திரி ஒருவர் விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாதா, இதை மாட்டுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டார். நான் விழித்தேன்.

அவரே பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. நல்ல நிலையிலுள்ள என்ஜினில் அது வெளிர்பழுப்பாக இருக்கவேண்டும். வெளுத்திருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிட்டது என்பது பொருள். அத்தகைய கலவை என்ஜினை வழக்கத்தினும் மிகுதியாகச் சூடேற்றும். பிறகு அவர் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பை விரலால் வளைத்தார். அதில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியே காற்று திருட்டுத்தனமாய் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெயும் குறிக்குக் கீழே இறங்கியிருந்தது. செதில்களின் இடுக்கில் சென்ற மழைக்காலத்துச் சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

வண்டி கொதித்தது ஓர் அறிகுறி. தம்பி அந்த அறிகுறியை என்னிடம் கொண்டுவந்தார். நான் நோயைத் தேடாமல் அறிகுறியின்மேல் விசிறியை வீசச் சொன்னேன். கால்பக்கத்து அனல் சற்றுக் குறைந்தது. "சரியாகிவிட்டது" என்று இருவரும் நம்பினோம். உள்ளே வெடிப்பு வளர்ந்துகொண்டிருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவது நல்லதே. ஆனால் துணியைப் போட்டுவிட்டு மருத்துவரை அழைக்காமல் விடுவது நல்லதன்று. நான் கேட்கத் தவறிய கேள்வி இதுதான்: இந்த வண்டி முன்பு இப்படிக் கொதித்ததா? இல்லையென்றால், இடையில் மாறியது என்ன?

செய்யத்தக்கவை

நம் மாணவர்களில் பலர் பழைய வண்டிகளையே நம்பி வாழ்கின்றனர். அவர்களுக்காக, செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, நிற்கும்போது என்ஜினை நிறுத்துதல். இதற்குக் காசில்லை; பெட்ரோலும் மிச்சம். இந்நகரின் சாலைச் சந்திப்புக்களில் 2011-இல் இரவீந்திரநாதரின் பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கினார்கள். ஒரு பாட்டின் பல்லவியைக் கேட்டு முடிக்கும் அளவுக்கு நிற்கவேண்டியிருந்தால் என்ஜின் ஓடவேண்டுவதில்லை.

இரண்டாவது, செதில்களின் இடுக்கிலுள்ள சேற்றை அகற்றுதல். என்ஜின் நன்கு ஆறிய பின்னரே தண்ணீர் விடவேண்டும். பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்று போதும்.

மூன்றாவது, எண்ணெய். காற்றுக்குளிர்வு என்ஜினில் எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமன்று. உள்ளிருந்து சூட்டைச் சுமந்து வருவதும் அதுவே. வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லிய வகையையே ஊற்றுங்கள். அளவை வாரம் ஒருமுறை பாருங்கள்.

நான்காவது, பிளக்கின் நிறம், ரப்பர் இணைப்பு, வால்வு இடைவெளி ஆகியவற்றைத் தேர்ந்த மிஸ்திரியிடம் காட்டுதல். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதி வந்தபின் விற்கப்படும் புதிய வண்டிகளில் எரிபொருள் கலவையை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. கார்புரேட்டர் வண்டிகளுக்கு நம் கண்தான் கருவி. உராயும் பிரேக்கையும் கவனியுங்கள். இழுத்துப் பிடிக்கும் பிரேக்கோடு ஓடும் வண்டி, மூட்டை சுமந்து ஓடும் வண்டியே.

இவையெல்லாம் செய்தபின்னும், நாள்தோறும் நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்தே ஆகவேண்டியவர்களுக்கு விசிறி உண்மையாகவே உதவும். மாட்டுவதானால் சிலவற்றை மறவாதீர்கள். எதிர்க்காற்றை மறிக்காமல் பக்கவாட்டில் பொருத்துங்கள். எதிர்க்காற்று செல்லும் திசையை ஒட்டியே அதுவும் வீசட்டும். எதிர்த்து வீசினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஃபியூஸ் இன்றி இணைக்காதீர்கள். தனிச் சுவிட்சோ, சூட்டைக் கண்டு தானே இயங்கும் சுவிட்சோ இருக்கட்டும். இல்லையேல் மறந்துபோய் இரவு முழுதும் ஓடவிட்டுக் காலையில் பேட்டரியைச் சுமக்கவேண்டிவரும். ஐந்து வாட் விசிறி முகவிளக்கோடு ஒப்பிட்டால் சிறு சுமையே. அறுபது, எண்பது வாட் கொள்ளும் கார் விசிறியை மாட்டாதீர்கள். வண்டி மெல்லச் சுழலும்போது அவ்வளவு மின்சாரம் பிறவாது. புகைக்குழாயருகே பிளாஸ்டிக் இறகு உருகும். ஆடி மழையில் முழங்காலளவு தண்ணீரில் செல்ல நேரும் இவ்வூரில், நனைந்தாலும் கெடாத வகையையே வாங்கவேண்டும்.

தம்பியின் வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. புதிய ரப்பர் இணைப்பின் விலை, அவர் விசிறிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. பழுதுச் செலவில் பாதியை என் உதவித்தொகையிலிருந்து கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், நான் விடவில்லை. "அண்ணா, ஃபேனை என்ன பண்றது?" என்று கேட்டார். பூசை நாட்களில் தெருவெல்லாம் மனிதக்கடலாகும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறோம். அதுவரை அது என் மேசைமேல் சுழல்கிறது. இக்கட்டுரையை எழுதும் இவ்விரவில் வியர்க்கும் என் நெற்றிக்கு அது நன்றாகவே பயன்படுகிறது.